கொடுங்கோல்: ஒரு சொல்லாய்வு

தென்காசியிலிருந்து ஆண்ட பாண்டியருள் ஒருவராகிய அதிவீரராமர், தாம் இயற்றிய வெற்றிவேற்கையில் மன்னர்க்கு அழகாவது செங்கோல் முறைமை என்றார். அதன் மறுதலையாகிய கொடுங்கோல் என்னும் சொல்லை இக்காலத்தார் பலர் குடிகளை அடித்து வருத்தும் கொடிய தடி என்றே கொள்கின்றனர். இது பொருந்துமா என ஈண்டு ஆராய்வாம்.

'கொடு' என்னும் அடி வளைவை உணர்த்துவது. வில்லைக் கொடுமரம் என்றனர்; வளைந்த வாள் கொடுவாள் ஆயிற்று. 'கோடு' என்னும் வினையும் இவ்வடியோடு உறவுடையது. கொடுந்தமிழ் என்னும் வழக்கும் நோக்கத்தக்கது. உரையாசிரியர் காட்டும் கொடுந்தமிழ் நாடு பன்னிரண்டனுள் தென்பாண்டியும் ஒன்று. கொடு என்பதற்கு இரக்கமின்மை என்றே பொருள் கொள்வோர், குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் நாட்டுத் தமிழை இரக்கமற்ற தமிழ் என்பரோ?

திருக்குறளின் 56-ஆம் அதிகாரம் இதனைத் தெளிவாக்கும். அங்கே கோல் கோடுதலும் (554) முறை கோடுதலும் (559) வெளிப்படையாகவே கூறப்படுகின்றன. முறை கோடின் மழை பொய்க்கும் என்பது பின்னதன் கருத்து. சாரற் காலத்தில் குற்றால அருவி வறண்டிருக்கக் கண்டார் இதனை எளிதில் மறவார். நாள்தோறும் ஆராய்ந்து முறைசெய்யாமையும் (553) அவ்வதிகாரத்துள்ளே அடங்கும். ஆதலின் எவரையும் அடியாத மன்னனும், ஒருபாற் சாய்ந்தானாயினும் ஆராயாது வாளா இருந்தானாயினும் கொடுங்கோலனே. தடி என்னும் விளக்கம் இவனைத் தப்பவிடுகின்றது.

சிலப்பதிகாரச் சான்று இதனினும் வலியது. பாண்டியன் நெடுஞ்செழியன் ஆராயாது ஏவிய ஓர் ஆணையால் அவன் கோல் வளைந்தது. அவன் நீத்த உயிர் அதனை நிமிர்த்திற்று என்று செங்குட்டுவன் கூறுகின்றான். வளைந்ததையன்றிக் கொடியதை நிமிர்த்தல் யாங்ஙனம்?

ஒரு தடை எழலாம். அதே அதிகாரத்து முதற்குறளில் (551) 'கொடிது' என்பது கொலையினும் தீயது என்னும் பொருளில் வந்துள்ளதே எனின், உண்மையே. வளைவிலிருந்து தீமைக்குப் பொருள் விரிந்தமை வள்ளுவர்க்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. அவர் இரண்டனையும் அறிந்தே ஆண்டனர். எனினும் கோலுக்கு அடையாய் வருமிடத்துப் பழம்பொருளே நிலைத்தது என்பது நம் துணிபு. செங்கோல் என்பதிலும் செம்மை நேர்மையே, நிறம் அன்று.