திப்பு சுல்தானின் துப்பாக்கிகளில் புலிச் சின்னம்

மைசூரை 1782 முதல் 1799 வரை ஆண்ட திப்பு சுல்தானின் ஆயுதங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் உருவம் புலி. சிறீரங்கப்பட்டணத்து ஆயுதச் சாலைகளில் செய்யப்பட்ட துப்பாக்கிகளில் இதனைத் தெளிவாகக் காணலாம். அங்கு மைசூர்க் கைவினைஞர்களுடன் பிரெஞ்சுக்காரர்களும் வேலை செய்தனர். துப்பாக்கியின் பொறி ஐரோப்பிய முறையிலானது; ஒப்பனையோ முற்றிலும் மைசூருக்கே உரியது.

சிக்கிமுக்கித் துப்பாக்கியில் கல்லைக் கவ்வி நிற்கும் உறுப்பைக் குதிரை என்பர். திப்புவின் துப்பாக்கிகள் பலவற்றில் இந்தக் குதிரையே புலியாக வடிக்கப்பட்டிருக்கும். சில துப்பாக்கிகளிலும் பீரங்கிகளிலும் குழல்வாய் புலித்தலையாக அமைந்துள்ளது. சுடும்போது நெருப்பும் புகையும் புலியின் வாயிலிருந்து வரும். இரும்புப் பரப்பில் உளியால் கீறி, அக்கீறலில் பொன் அல்லது வெள்ளியை வைத்துத் தட்டிப் பதிப்பது அக்கால முறை. ஒருமுறை கீறிவிட்டால் பிழையை மறைப்பது கடினம். ஆகவே நிதானமான கை வேண்டிய வேலை இது.

மற்றொரு சின்னம் 'பப்ரி' எனப்படும் புலிவரி. இரு முனையும் கூர்ந்து, நடுவே சற்றுப் பருத்து வளைந்த சிறு கோடு இது. துப்பாக்கியில் மட்டுமன்றிப் படைவீரர் சீருடையிலும் அரியணையிலும் இது இடம்பெற்றது. புலியை முழுதாக வரைய இடமில்லாதபோது வரி ஒன்றே போதுமானதாக இருந்தது.

திப்பு புலியுடன் போரிட்டு வென்றதால்தான் இச்சின்னம் வந்தது என்று பாடம் நடத்துவோர் உண்டு. கதை சுவையானதுதான், ஆனால் ஆயுதங்களில் உள்ள எழுத்து வேறு காரணத்தைக் காட்டுகிறது. 'ஹைதர்' என்ற சொல்லுக்குச் சிங்கம் என்பது பொருள். அது நபிகள் நாயகத்தின் மருமகன் அலியின் சிறப்புப் பெயர். திப்புவின் தந்தை ஹைதர் அலியின் பெயரும் அதுவே. 'இறைவனின் சிங்கமே வெல்வது' என்னும் பொருள்பட்ட அரபுத் தொடரின் எழுத்துகளையே புலிமுகமாக வளைத்து எழுதிய வடிவமும் உண்டு. தொலைவில் பார்த்தால் முகம், அருகில் வந்தால் எழுத்து. அரபுச் சொல்லில் உள்ள சிங்கம் மைசூரில் புலியாக உருமாறியது.

ஆயுதங்களில் ஆண்டும் பொறிக்கப்பட்டது. திப்பு ஏற்படுத்திய புதிய ஆண்டு முறையில் எண்களை வலமிருந்து இடமாக எழுதினர். 1222 என்பது 2221 எனத் தோன்றும். இதனை அறியாதவர் ஆண்டைத் தவறாகப் படித்துவிடுவர்.

1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்து திப்பு மாண்டார். ஆயுதங்கள் கொள்ளைப் பொருளாகப் பங்கிடப்பட்டன. பல இங்கிலாந்து சென்றன. வெற்றியின் நினைவாகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் வெளியிட்டது. அதில் பிரித்தானியச் சிங்கம் மைசூர்ப் புலியைக் கீழே தள்ளி மிதிக்கிறது. மேலே பறக்கும் கொடியில், 'இறைவனின் சிங்கமே வெல்வது' என்ற அதே அரபுத் தொடர் பொறிக்கப்பட்டுள்ளது.