முள் ஏறும்போது நிறுத்துங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து ஊரே சென்னைக்குத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை மாலை. பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் நத்தையாக ஊர்கின்றன. வரிசையிலிருந்து ஒதுங்கி ஒரு பழைய ஆல்டோ நிற்கிறது. பானட் ஓரத்தில் ஆவி. பின்சீட்டில் கரும்பும் குழந்தைகளும். அப்பாவின் கண் டெம்பரேச்சர் முள்ளில். மனசெல்லாம், பண்டிகைச் செலவு போகப் பர்ஸில் மிஞ்சிய சில நூறு ரூபாயில்.

"மறைமலை நகர் வரைக்கும்தானே, மெதுவா ஓட்டிப் போயிடலாம்" என்று தோன்றும். கையில் காசில்லாதவர் செய்யவே கூடாதது அதுதான். ஹீட் ஆன இன்ஜினை ஓட்டினால் அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, திரும்ப ஏற்றிப் பூட்டுவதற்குள் பல ஆயிரம் கரைந்துவிடும். வரிசையை விட்டு ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தால் செலவு ஒன்றுமில்லை. ஒதுங்க இடம் கிடைக்கும்வரை, நம் ஊரில் யாரும் தொடாத ஹீட்டரை முழுசாகத் திருப்பி வைத்தால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் வெளியேறும். உள்ளே வேகும்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அரை மணி நேரமாவது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

செங்கல்பட்டு வரை ஒழுங்காக வந்த வண்டி வரிசையில் நின்றதும் ஏன் சூடானது? ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடுகிறது. நின்றால் ஃபேன் சுற்றியாக வேண்டும். நிற்கும்போது மட்டும் முள் ஏறுகிறது, தண்ணீரும் ஒழுகவில்லை என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மீது. அதிலும் முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸ். விரல் நகமளவு பிளாஸ்டிக் துண்டு. உள்ளே மெல்லிய கம்பி அறுந்திருப்பது கண்ணுக்கே தெரியும். மஞ்சள் என்றால் 20 ஆம்பியர், பச்சை என்றால் 30. அதே அளவு புது ஃபியூஸ் ஒரு டீக்காசு. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுபவர்கள் உண்டு, வயரே பற்றிக்கொள்ளும். புது ஃபியூஸும் உடனே போனால் கோளாறு ஃபேன் மோட்டாரிலோ வயரிங்கிலோ.

செல்ஃப் எடுக்கவில்லை என்றாலும் இதே நிதானம் வேண்டும். பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், கழற்றிச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, இறுக்கிப் பூட்டிப் பார்க்கலாம். அப்படியும் எடுக்காவிட்டால் மெக்கானிக்கிடம், "அண்ணே, மீட்டர் வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும், இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி. ஓடும்போதும் ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் பக்கம்தான் கோளாறு. கடன் வாங்கிப் புது பேட்டரி போட்டாலும் சீக்கிரமே அதுவும் இறங்கிவிடும்.

ஃபேன் மோட்டாரே போயிருந்தால் சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. பழைய வண்டிகளைப் பிரித்த பாகங்கள் அங்கே மலையாகக் கிடக்கும். மோட்டாரை பேட்டரியில் கொடுத்துச் சுற்றவிட்டுப் பார்த்து வாங்கலாம். கண்ணாடி, கதவுக் கைப்பிடியையும் பழையதாக வாங்குவதில் தப்பில்லை. பிரேக் சாமான் மட்டும் எவ்வளவு முடையானாலும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

இருட்டியும் வண்டி நகரவில்லை என்றால், தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. கூப்பிடும்போது சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் தேடி வருபவர்களுக்குச் சுலபம்.