இருளில் ஒளிரும் கைத்தொலைபேசி

தையற்காரரிடம் துணியைக் கொடுத்து, கழுத்து இவ்வாறு இருக்கட்டும், கை இவ்வளவு நீளம் இருக்கட்டும் என்று சொல்ல நமக்கு உரிமையுண்டு. தச்சரிடம் மேசை செய்விக்கும்போதும் அவ்வாறே. ஆனால், தொழிற்சாலையில் இலட்சக்கணக்கிற் செய்து குவிக்கப்படும் கைத்தொலைபேசியின் விஷயத்தில் நமது விருப்பத்தைக் கேட்பார் யார்? நிறுவனத்தார் கறுப்பென்றால் நாமும் கறுப்பை வாங்குகிறோம். வெள்ளையென்றால் வெள்ளையை வாங்குகிறோம். வாங்குவோன் சொல்வதைச் செய்வோன் கேட்ட பழைய உறவு இங்கே அற்றுப்போய்விட்டது.

அவ்வுறவைச் சிறிதளவேனும் புதுப்பிக்கும் முயற்சியொன்று 2024-ம் ஆண்டில் நடைபெற்றது. அதனை நடத்தியது இலண்டன் மாநகரிலுள்ள ‘நத்திங்’ என்னும் நிறுவனம். ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் இவ்விசித்திரமான பெயரைத் தம் நிறுவனத்துக்குச் சூட்டி, 2020-ம் ஆண்டில் அதனைத் தொடங்கியவர் கார்ல் பெய் என்பவர். கருவியின் முதுகுப்புறத்தை ஒளி ஊடுருவும் பொருளினாற் செய்து, உள்ளமைப்பின் அழகை வெளியே தெரியவிடுவது இந்நிறுவனத்தாரின் தனிப்பாணி. உலகின் பல நாடுகளிலும் இதற்கு அபிமானிகள் உண்டு.

2024-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ‘போன் 2ஏ’ என்னும் கைத்தொலைபேசியை இவர்கள் வெளியிட்டனர். அதன் பின்னர், “இக்கருவிக்கு விசேஷ பதிப்பொன்றை நீங்களே அமைத்துத் தாருங்கள்” என்று அபிமானிகளை அழைத்தனர். போட்டி நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டது. கருவியின் புறத்தோற்றம் முதலாவது, திரையிலே தோன்றும் சித்திரங்கள் இரண்டாவது, கருவியை இட்டு விற்கும் பெட்டி மூன்றாவது, விளம்பரம் நான்காவது. நாற்பத்தேழு நாடுகளிலிருந்து தொள்ளாயிரத்துக்கும் அதிகமான ஆக்கங்கள் வந்து சேர்ந்தன.

கைத்தொலைபேசியொன்றை நம் விருப்பப்படி அமைப்பது சித்திரம் வரைவது போல எளிதான காரியமன்று. உள்ளேயிருக்கும் மின்கலத்தையும், சுற்றுப் பலகையையும், படமெடுக்கும் வில்லைகளையும் இடம்மாற்ற இயலாது. ஓரிடத்தை மாற்றினால் அச்சுக்கள் யாவற்றையும் புதிதாக வார்க்க வேண்டும். அதற்கு ஆகும் செலவோ பெரிது. முதுகை உலோகத் தகட்டினால் மூடிவிடலாமென்றால், வானொலி அலைகளுக்கு உலோகம் தடையாகும். தடித்த பூச்சுப் பூசினால் உறை பொருந்தாது. ஆகவே, போட்டியாளருக்கு எஞ்சியிருந்தவை நிறமும், மேற்பரப்பின் தன்மையும், பூசும் பொருளுமேயாம். இக்குறுகிய எல்லைக்குள் புதுமை காண வேண்டும். வெண்பாவுக்குத் தளை இருப்பது போல வடிவமைப்புக்கும் தளை உண்டு. தளைக்குள் நின்று பாடுபவனே புலவன்.

முதற் பிரிவிலே வெற்றி பெற்றவர்கள் இருவர். இரவிலே தானாக ஒளிரும் பச்சைப் பூச்சினைக் கருவியின் முதுகில் இட வேண்டுமென்பதே அவர்கள் கண்ட வழி. இந்நிறுவனத்தாரின் கைத்தொலைபேசிகளில் முதுகுப்புறத்தே மின்விளக்குகள் பதிக்கப்பட்டிருப்பது முன்னரே உள்ள வழக்கம். மின்சாரம் பெற்று ஒளிரும் அவ்விளக்குகளின் அருகே, மின்சாரமின்றியே ஒளிரும் ஒரு பொருளை இவர்கள் சேர்த்தனர். கருவிக்கு ஏற்கனவே இருந்த இயல்பை உணர்ந்து அதனை மேலும் வளர்த்தமையாலேயே இவர்களின் எண்ணம் சிறந்ததென்று நாம் கருதுகிறோம்.

இவ்வொளியின் இரகசியத்தை மாணாக்கர் அறிந்துகொள்வது நன்று. பகலொளியோ விளக்கொளியோ படும்போது சில பொருள்கள் அச்சக்தியை உட்கொண்டு தேக்கிவைக்கின்றன. இருள் சூழ்ந்ததும் அதனைச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. முற்காலத்தில் கடிகார முகப்புக்களில் றேடியம் கலந்த பூச்சு இடப்பட்டது. அது கதிர்வீச்சினால் ஒளிர்ந்தது. அதனைப் பூசிய தொழிலாளரின் உயிரையும் குடித்தது. 1993-ம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமான நெமோட்டோ, ஸ்ட்ரோன்ஷியம் அலுமினேற்று என்னும் பொருளிலிருந்து கதிர்வீச்சில்லாத, நெடுநேரம் ஒளிரும் பூச்சினை உருவாக்கியது. இவ்வகைப் பொருள்களின் ஒளி பெரும்பாலும் பச்சையாக இருப்பது நமக்கு அனுகூலமே. இருளுக்குப் பழகிய மனிதக் கண், ஏறக்குறைய 507 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீலங்கலந்த பச்சையையே மிக எளிதிற் காண்கிறது.

ஏனைய மூன்று பிரிவுகளிலும் பிரிவுக்கு ஒருவராக மூவர் தெரிவாயினர். திரைக்கென ஆறு சித்திரங்கள் அமைந்தன. கருவியின் ஒரு பகுதியை மிக அண்மையிலிருந்து நோக்கினாற்போலப் பெரிதாக்கிப் பெட்டியின்மேல் தீட்டினர். ஒளியைத் தேடிக் கண்டடைதல் என்பதே விளம்பரத்தின் கருத்தாயிற்று. நால்வகை வேலைக்கும் ஒளியே பொதுப்பொருளாக நின்றமையால், வெவ்வேறு அன்பர்களின் ஆக்கங்கள் ஒரே கையால் ஆனவை போலக் காட்சியளித்தன. வெற்றி பெற்றோர் நிறுவனத்தின் பொறியியலாளரோடும் ஓவியரோடும் கூடி உழைத்து, எண்ணத்தைப் பொருளாக்கினர். 2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ம் திகதி அக்கருவி விற்பனைக்கு வந்தது. செய்யப்பட்டவை ஆயிரமே, இந்தியாவில் அதன் விலை 29,999 ரூபாய்.

இனி, நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆக்கங்கள் தொள்ளாயிரத்துக்கு மேல். வெற்றி பெற்றவர்களோ ஐவர். ஏனையோர் இரவு பகலாக உழைத்த உழைப்பு என்னாயிற்று? அபிமானிகளின் அன்பை நிறுவனத்தார் மலிவான கூலியாக்கிக் கொள்கின்றனரோ என்று கேட்போரும் உளர். அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. டென்மார்க்கு நாட்டு விளையாட்டுப் பொருள் நிறுவனமாகிய லேகோ இவ்விஷயத்தில் வேறொரு முறையைக் கைக்கொள்கிறது. அபிமானி ஒருவர் அமைத்த மாதிரிக்குப் பதினாயிரம் பேர் ஆதரவளித்தால் நிறுவனத்தார் அதனைப் பரிசீலிப்பர்; ஏற்றுக்கொண்டு விற்பனைக்கு விட்டால், நிகர விற்பனையில் நூற்றுக்கு ஒரு பங்கு அதனை அமைத்தவரைச் சேரும். புகழ் ஒரு வகைக் கூலி. பங்கு இன்னொரு வகைக் கூலி. இரண்டனுள் எது தமக்கு வாய்க்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது போட்டியில் இறங்குவோரின் கடமை.

ஆகவே, இத்தகைய போட்டிகளில் ஈடுபட விரும்பும் இளைஞருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் நாம் கூற விரும்புவது இதுவே. விதிகளை முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். அனுப்பிய சித்திரம் யாருக்கு உரியதாகும், தோற்ற ஆக்கத்தை அவர்கள் பயன்படுத்தலாமா, உங்கள் பெயர் பொறிக்கப்படுமா என்பவற்றைத் தெளிந்துகொள்ளுங்கள். மூலப் பிரதியொன்றை நாளிட்டுப் பத்திரப்படுத்துங்கள். பின்னர் அச்சமின்றி உழையுங்கள். பரிசு கிட்டாவிடினும், ஒரு பொருளை அதன் எல்லையறிந்து, உள்ளிருக்கும் உறுப்பறிந்து, அதனைப் பிடிக்கும் கையறிந்து அமைக்கக் கற்ற கல்வி உங்களிடமே இருக்கும். அதனை விதி எதுவும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது.