உச்சிக்குச் சற்று முன்னால்

புதுச்சேரியின் கருவடிக்குப்பத்துப் பிள்ளை ஒருவர் பி.எஸ்சி. வேளாண்மை படிக்க நினைத்தால், காரைக்காலில் 1987-இல் தொடங்கிய பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரிக்குப் போகலாம். உயிரியல் பிடித்து இந்தப் படிப்பில் சேரும் பலரைத் திணறடிப்பது உற்பத்திப் பொருளியல். வகையீடும் தொடுகோடும் அங்கே வந்து நிற்கும். கரும்பலகையில் வரைந்த வளைகோடோ அசையாது. கணினித் திரையில் அது அசையும்.

எக்செல் போதும், இலவசமான ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் இன்னும் நல்லது. பாகூர்ப் பக்கத்து நெல்வயல் ஒன்றை மனத்தில் வைத்து, பாடத்துக்காக ஒரு சமன்பாடு எழுதுவோம்: ஹெக்டேருக்கு விளைச்சல் = 2000 + 30த − 0.1த². 'த' என்பது கிலோக் கணக்கில் தழைச்சத்து. முதல் 10 கிலோ 290 கிலோ நெல்லைக் கூட்டுகிறது. நூறைத் தாண்டிய அடுத்த 10 கிலோவுக்குக் கிடைப்பது 90 கிலோ. 140-லிருந்து 150-க்குப் போனால் வெறும் 10 கிலோ. அங்கே உச்சி, அதன்பின் இறக்கம்தான்.

இந்தக் குறைந்து செல் விளைவு விதியை 1767 வாக்கில் விளக்கி எழுதியவர் துர்கோ என்ற பிரெஞ்சுக்காரர். 1774-இல் சில வாரங்கள் அவர் கடற்படை அமைச்சராகவும் இருந்தார். புதுச்சேரி அப்போது அந்தத் துறையின் ஆளுகையில்தான் இருந்தது.

அதிக விளைச்சல் தரும் இடமே அதிக லாபம் தரும் இடம் என்றுதான் மாணவர் நினைப்பார்; அது சரியல்ல. இங்கேதான் திரை கைகொடுக்கிறது. விலைக்கு ஒரு நகர்த்தி (ஸ்லைடர்) வையுங்கள். 45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் 266.50 ரூபாய், அதில் தழைச்சத்து 46 சதவீதம். ஆக, ஒரு கிலோ தழைச்சத்து சுமார் 13 ரூபாய். நெல் கிலோ 23 ரூபாய் என்றால் லாபம் மிக அதிகமாகும் புள்ளி 147-இல் நிற்கும், உச்சிக்குப் பக்கத்திலேயே. உர விலையை ஐந்து மடங்காக்கி நகர்த்தினால் புள்ளி 136-க்கு இறங்கிவிடும். மலிவான யூரியாவை உழவர் ஏன் தாராளமாக இடுகிறார் என்பது, யாரும் சொல்லாமலே மாணவருக்குப் புரியும். உழவரைப் பேராசைக்காரர் என்று திட்டுவது எவ்வளவு தவறு என்பதும் புரியும்.

பயிர் சாய்வதும் நிலத்தடி நீரில் நைட்ரேட் சேர்வதும் இந்தக் கோட்டில் இல்லை. அவற்றையும் செலவாகச் சேர்த்து ஆசிரியர் இன்னொரு நகர்த்தி வைத்தால், புள்ளி மேலும் இடப்பக்கம் நகரும்.