சாலைத் தெருவின் கதைக்காரர்: அன்றும் இன்றும்

அன்று அமரவிளையில் சரக்கு லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நாகர்கோவில் பக்கமிருந்து வருகிற சரக்கு, வரிச் சோதனைச்சாவடியில் சீட்டுக் காட்டிய பிறகுதான் நெய்யாற்றுப் பாலம் தாண்டித் திருவனந்தபுரம் போகும். அதில் எத்தனையோ மூட்டைகள் இறங்கிய இடம் சாலைக் கம்போளம். திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உண்டாக்கிய கடைத்தெரு அது.

அங்கே பாத்திரக் கடை வைத்திருந்தார் ஆ. மாதவன். 1934-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர், பூர்வீகம் செங்கோட்டை. படித்தது மலையாளத்தில், எழுதியது தமிழில். கடையில் உட்கார்ந்தபடி தெருவைப் பார்த்தார். சுமட்டுக்காரர், திருடர், உடலை விற்றுப் பிழைத்தவர் என யாரையும் அவர் எழுத்து ஒதுக்கவில்லை, நல்லவராக்கவும் முயலவில்லை. பசியையும் காமத்தையும் உள்ளபடி காட்டின ‘கடைத்தெருக் கதைகள்’. சாலைத் தெரு தமிழ் இலக்கியத்தில் நிலைத்தது அப்படித்தான்.

1956 நவம்பர் 1-இல் எல்லை வகுத்தபோது விளவங்கோடும் கல்குளமும் தமிழகம் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோட்டுக்கு இப்பால் இருந்து தமிழில் எழுதியவருக்கு மரியாதை வந்துசேரக் காலம் பிடித்தது. விஷ்ணுபுரம் விருது 2010-இல் கிடைத்தபோது வயது 76. சாகித்திய அகாதெமி விருது 2015-இல், ‘இலக்கியச் சுவடுகள்’ கட்டுரை நூலுக்கு. ஒரு நாவலுக்கு அது முன்பே வந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜிஎஸ்டி வந்த 2017-க்குப் பிறகு வரிச்சாவடிக்கு வேலையில்லை. வரிச் சீட்டுக் காட்ட லாரிகள் நிற்பதில்லை. 2021 ஜனவரி 5-இல் மாதவனும் போய்விட்டார். ஆற்று மணல் வாரிப் பிழைப்பவனின் வாழ்க்கையை அவர் ‘புனலும் மணலும்’ நாவலில் எழுதியது 1974-இல். ஆறுகளைக் காக்க மணல் வாருவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் கேரளத்துக்கு 2001-இல் தேவைப்பட்டது. இன்று நெய்யாற்றங்கரையில் நின்று அந்த நாவலை நினைத்தால், வாரியவனின் துயரத்தோடு ஆற்றின் துயரமும் சேர்ந்து கேட்கிறது.

பாறசாலை, அமரவிளைப் பக்கம் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் உண்டு. மாதவனும் அப்படி வளர்ந்தவர்தான். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் கைக்காவது ‘கடைத்தெருக் கதைகள்’ போய்ச் சேர வேண்டும்.