முதல் 24 மணி நேரம்!

ஆலைச் சங்கொலியில் பொழுது விடிந்த ஊர் சிங்காநல்லூர்! தொழிலாளர் குடும்பங்களுக்கான ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. அதன் வாயிலுக்கு வரும் கருவுற்ற தங்கையிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: “மஞ்சள் காமாலை ‘பி’ வகைக்கு இரத்தம் பார்த்தாயிற்றா, அம்மணி?”

“எனக்கென்ன நோய்? கண் மஞ்சளாகவா இருக்கிறது?” என்பாள். அதுதானே இந்தக் கள்ளக் கிருமியின் சாமர்த்தியம்! தாயிடம் ஓசையின்றி ஒளிந்திருக்கும். பிரசவ வேளையில் பிள்ளைக்குத் தாவும். வளர்ந்தவரைப் பற்றினால் பெரும்பாலும் விட்டு விலகும். பச்சிளங்குழந்தையைப் பற்றினாலோ, பத்தில் ஒன்பது பிள்ளைகளிடம் நிலைத்துவிடும். பின்னாளில் ஈரல் சுருங்கும், புற்றும் வரும்.

வழியில்லையா? இருக்கிறது! 1984இல் தைவான் தடுப்பூசியைத் தொடங்கியது. பத்துப் பிள்ளைகளில் ஒன்றைப் பிடித்திருந்த நோய், பதினைந்தே ஆண்டில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. நம் நாட்டிலும் 1997இல் ஐதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் ஊசியைத் தயாரித்தது, விலை சரிந்தது. இன்று அரசு மருத்துவமனையில் காசில்லாமலே போடுகிறார்கள்.

“ஆறாம் வாரத்து ஊசியில் இதுவும் சேர்ந்திருக்கிறதே, அவசரம் என்ன?” என்பார் சிலர். பிரசவ அறையில் புகுந்த திருடனை ஆறு வாரம் கழித்துத் தேடுவதா? பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி விழ வேண்டும். தாய்க்கு நோய் இருப்பது தெரிந்தால், இம்யூனோகுளோபுலின் ஊசியும் உடன் வேண்டும். அதற்காகத்தான் முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை!

மருமகளுக்குத் தட்டைத் தனியே எடுத்து வைக்கும் மாமியாருக்கும் ஒரு வார்த்தை: இது சோற்றிலும் தண்ணீரிலும் பரவும் நோயல்ல. ஊசி போட்ட பிள்ளைக்கு அவள் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.