வேருக்கு இடம் விட்டால் தெரு குளிரும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுநாள் அவை சாலையை மறித்துக் கிடந்த குப்பை. அறுத்து அப்புறப்படுத்தினால் போதும் என்றிருந்தது. எதை இழந்தோம் என்பது அடுத்த கோடையில்தான் உறைத்தது.

மரம் எப்படிக் குளிர்விக்கிறது?

நிழல் அதன் வேலையில் ஒரு பகுதிதான். தார்ச்சாலையும் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய வெயிலை இரவில் வெளியே விடுகின்றன. மரமோ, வேர் உறிஞ்சிய நீரை இலைத்துளைகள் வழியே ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். பெரிய மரமொன்று ஒரு நாளில் 100 லிட்டரை ஆவியாக்கினால், ஒரு டன் ஏசி ஏறத்தாழ 19 மணி நேரம் முழுவீச்சில் ஓடி அகற்றும் வெப்பத்தை அது உள்வாங்கிவிடும். ஏசி அறையின் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. மரம் தெருவின் சூட்டையே தணிக்கிறது. தள்ளுவண்டிக்காரருக்கும் தகரக் கூரை வீட்டுக்கும் கிடைக்கும் ஏசி அதுதான்.

நகருக்குள் காடு எதற்கு?

1978இல் தேசியப் பூங்காவான, சென்னைக்குள் இருக்கும் கிண்டிக் காட்டின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். புள்ளிமானும் வெளிமானும் மேயும் இந்த மண்ணைச் சருகு மூடியிருக்கிறது. அதனால் மழைநீர் நின்று நிதானமாக நிலத்தடிக்கு இறங்குகிறது. சிமென்ட் தரையில் விழும் அதே மழை, வடிகாலுக்கு ஓடி வெள்ளமாகிறது.

மரங்கள் ஏன் சாய்கின்றன?

புயலை மட்டும் குறை சொல்ல முடியாது. கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டும் பள்ளங்கள் வேரை அறுக்கின்றன. நடைபாதை சிமென்ட் அடிமரம்வரை வந்து நீரையும் காற்றையும் அடைக்கிறது. பிடிமானம் இழந்த மரம் காற்றுக்குத் தாங்காது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது 2013இல். எல்லா நகரங்களுக்கும் பொருந்தும் பாடம் இது.

நடும் கன்று நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். நிற்கும் மரம் இன்றைக்கே தருகிறது. உங்கள் தெரு மரத்தின் அடியை ஒருமுறை பாருங்கள். சிமென்ட் இறுக்கியிருந்தால் மாநகராட்சியின் வார்டு அலுவலகத்தில் மனு கொடுங்கள்.